தாய்ப்பத்திரம்

கண்ணமங்கலத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, அவர்களுடைய வழக்கறிஞர் ஒரு பட்டியல் எழுதித் தந்தார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விடுதலைப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது. தமிழ் படித்தவளுக்கு இது ஆபத்தான பட்டியல். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு நிமிடம் நின்றுவிடத் தோன்றும். வங்கியில் அப்படி நிற்க முடியாது, பின்னால் வரிசை இருந்தது. வீட்டுக்கு வந்துதான் நின்றேன்.

தாய்ப்பத்திரம் என்றால் ஒரு சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் பழைய மூலப் பத்திரம். எங்கள் வீட்டினுடையது 1961ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரம். வாங்கியவர் என் தாத்தா. விற்றவர் ஒரு ஆண், சாட்சிகள் இருவரும் ஆண்கள், எழுதியவரும் ஆண். நான்கு எல்லைகளைச் சொல்லும் இடத்தில்கூட 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு' என்று ஆண்களின் பெயர்கள்தான். மாடு வைத்துப் பால் ஊற்றிச் சேர்த்த காசும் காதில் கிடந்த கம்மலும் போட்டுத்தான் அந்த வீட்டை வாங்கினோம் என்று ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பத்திரத்தில் ஆயா இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று கிரையப் பத்திரம் கேட்பதில்லை, அதனால் அது பொய் சொல்லவில்லை என்றும் வாதிடலாம்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இரண்டைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஒன்று சுவர், இன்னொன்று டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதக் கட்டு. சாதாரண நாளில் இரண்டையும் யாரும் தொடுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

முதலில் காகிதம். தாத்தா 1978இல் உயில் எழுதாமல் இறந்தார். வீடு அவர் தாமே வாங்கியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு. ஆயா, அப்பா, இரண்டு அத்தைகள் என நான்கு பேர், ஆளுக்கு நாலில் ஒன்று. 1994இல் ஆயா போன பிறகு அவளுடைய பங்கும் பிரிந்து மூவருக்கும் மூன்றில் ஒன்று. அதாவது நான் பிறந்து வளர்ந்த வீட்டில் பெரும்பகுதி என் அத்தைகளுடையதாக இருந்திருக்கிறது. அவர்கள் விருந்தாளிகளாக வந்தார்கள், வெளித் திண்ணையில் பையை வைத்தார்கள், பொங்கல் சீர் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சொந்தக்காரிகள் அவர்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க முடியாது. அதே 1956 சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் முழுக்கக் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் தாமாகப் பாகம் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. நிலத்தில் கேட்கலாம், தோப்பில் கேட்கலாம், வீட்டில் கூடாது. பங்கு உண்டு, சாவி இல்லை. 'ஆண் வாரிசுகள்' என்று பன்மையில் எழுதிய விதி, எங்கள் அப்பாவைப் போல ஒரே மகன் இருக்கும் வீட்டுக்கும் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் நெடுநாள் கருத்து வேறுபட்டன. 1996இல் நரசிம்ம மூர்த்தி எதிர் சுசீலாபாய் வழக்கில் பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். அண்ணன் ஒருவன்தான் என்றால் அவன் யாரோடு பாகம் பிரிப்பான்? ஆக, அவன் இருக்கும்வரை தங்கை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் பிரிவின் வாலில் ஒரு சலுகையும் தொங்கியது. பாகம் கேட்க முடியாவிட்டாலும் மகள் அந்த வீட்டில் குடியிருக்கலாம். எந்த மகள்? திருமணமாகாதவள், கணவன் கைவிட்டவள், கணவனிடமிருந்து பிரிந்தவள், கணவனை இழந்தவள். நன்றாக வாழ்கிறவளுக்கு அந்த உரிமை கிடையாது. உடைந்துபோய் வந்தால் இடமுண்டு என்று நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதி வைத்தது. பெரிய அத்தை அப்படித்தான் வந்தாள். முப்பது வயதுக்குள் மாமா இறந்து, ஒரு பெட்டியோடு வந்து பின்கட்டு அறையில் இறங்கினாள். கடைசிவரை அங்கேதான் இருந்தாள். ஊர் அதை அண்ணனின் பெருந்தன்மை என்றது. சட்டம் அதை அவளுடைய குடியிருப்பு உரிமை என்றது. அவள் பங்குக்காரி என்பதை இரண்டில் எதுவும் உரக்கச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் மாணவிகள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: தமிழ்நாடுதான் 1989லேயே பெண்ணுக்குச் சொத்துரிமை கொடுத்துவிட்டதே? கொடுத்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். (அதே ஆண்டு அக்டோபரில்தான் லண்டனில் வர்ஜீனியா வுல்ஃபின் 'தனக்கென்று ஓர் அறை' பற்றிய புத்தகம் வந்தது. அவர் அறை கேட்ட ஆண்டில் நாம் பாகமே கேட்டிருக்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.) அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 25 முதல் செல்லும்படி தமிழ்நாடு அரசு மகளையும் பூர்விகச் சொத்தில் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விலக்கிவிட்டது. என் அத்தைகள் இருவருக்கும் அதற்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தது. அதைவிட முக்கியம், அந்தத் திருத்தம் 23ஆம் பிரிவைத் தொடவில்லை. பூர்விகச் சொத்தில் கதவு திறந்தது, குடியிருக்கும் வீட்டின் பூட்டு அப்படியே கிடந்தது. 2000ஆம் ஆண்டில் சட்ட ஆணையம் தன் 174ஆம் அறிக்கையில் அந்தப் பிரிவை நீக்கச் சொன்னது. 2005 செப்டம்பர் 9 முதல் செல்லுபடியான மத்தியத் திருத்தத்தில்தான் அது ஒழிந்தது. 1956க்கும் 2005க்கும் இடையே நாற்பத்தொன்பது ஆண்டுகள். பெரிய அத்தையின் முழு வாழ்க்கையும் ஏறக்குறைய அதற்குள் அடங்கிவிட்டது.

பூட்டு திறந்த இரண்டாம் ஆண்டு, 2007இல், அப்பா வீட்டின் முன்பக்கத்தைச் சரிசெய்யக் கடன் கேட்டார். வாரிசுச் சான்றிதழில் அத்தைகளின் பெயர் இருந்தது. அவர்கள் கையெழுத்து இல்லாமல் கடன் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவானது. 'எனக்குள்ள பாகத்தை விடுதலை செய்து கொடுத்துவிட்டேன்' என்ற பொருளில் இரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை. கல்லூரியில் பெண் விடுதலை பற்றி நான் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அன்று வேலை இருந்தது, பதிவுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் வாயைத் திறந்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு நான் ஒரே பெண். அவர் போனபின் வீடு அம்மாவுக்கும் எனக்கும் வந்தது, அம்மா தன் பாதியைத் தான செட்டில்மெண்டாக எனக்கு எழுதினாள். என் பெயரில் இருக்கும் இந்தப் பட்டாவுக்குப் பின்னால் மூன்று பெண்கள் விட்டுக்கொடுத்தது இருக்கிறது.

பெண்ணின் பங்கைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பார்க்கும் பார்வைக்கு 'வில்லங்கம்' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. சொத்தின் மீதுள்ள அடமானம், பாத்தியதைகளைக் காட்டும் சான்றுக்கு அந்தப் பெயர். பேச்சிலோ அது தொல்லை. 'தங்கச்சிங்க கையெழுத்து ஒண்ணுதான் வில்லங்கம்' என்று மனை வாங்க வந்த ஒருவர் எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மனையிலிருந்து மனைவி, இல்லிலிருந்து இல்லாள், அகத்திலிருந்து அகமுடையாள் என்று வீட்டை வைத்தே பெண்ணுக்குப் பெயர் வைத்த மொழி இது. 'வீட்டுக்காரர்' என்றால் மட்டும் புருஷன். நெடுநல்வாடையில் ஒரு மாளிகை எழும் காட்சி உண்டு. நடுப்பகல் நிழல் பார்த்து, நூல் பிடித்து அளந்து, அறிந்தவர்கள் திட்டமிட்டுக் கட்டுகிறார்கள். அரசி அதற்குள் கட்டிலில் கிடந்து கணவனுக்காகக் காத்திருக்கிறாள். கட்டுவது ஒருவர், உள்ளே இருப்பது இன்னொருவர் என்ற ஏற்பாடு அவ்வளவு பழையது. வீட்டு வரிசையோடு பெண்களின் பெயர்கள் சேர்ந்து வரும் பெரிய பட்டியல் ஒன்று தமிழில் இருக்கிறதா என்று தேடினால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத்தான் போகவேண்டும். சுமார் 1014இல் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் இருக்கிறார்கள். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பெயர் என்ன என்று வீடு வீடாக. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன் கதவிலக்கத்தோடு பெண் பெயர்! கோயில் பணிக்குக் கட்டுப்பட்ட வீடுகள் அவை, இஷ்டப்படி விற்கக்கூடியவை அல்ல. அதனால் பொற்காலம் என்று துள்ள மாட்டேன். ஆனாலும் எங்கள் 1961 பத்திரத்தை அந்தக் கல்லோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இனி சுவர்.

ஊர் தெரியாதவர்களுக்கு: வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஆரணி வட்டத்தில், விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் இருக்கும் பேரூராட்சி கண்ணமங்கலம். மேற்கே ஜவ்வாது மலை. வீடு சிறியது. வெளியே திண்ணை, நடை, கூடம், அடுப்பங்கரை, பின்கட்டில் ஓர் அறை, தோட்டம். முன்பக்கம் செங்கல் சுண்ணாம்புச் சுவர், பின்கட்டு மண்சுவர். மேலே பனை வாரை, நாட்டு ஓடு. 2007இல் அப்பா முன்பக்கச் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார். மூன்று மழைக்காலத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. பெயிண்ட் அடிக்க அடிக்கச் செதில் செதிலாக உதிர்ந்தது. காரணம் எளிது. அஸ்திவாரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பழைய சுவர், சுண்ணாம்புப் பூச்சு வழியே அதை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் உள்ளேயே தங்கி, உப்போடு மேலே ஏறுகிறது. "செவுரு மூச்சு விடாம பண்ணிட்டாரு உங்கப்பா" என்று அம்மா சொன்னது உவமை என்று அன்று நினைத்தேன். கட்டடக்கலைஞர்களும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஆயாவும் அத்தைகளும் அம்மாவும் ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையை நசுக்கிச் செய்த தூரிகையால் அடிப்பார்கள். அடியில் காவிப் பட்டை. மண்தரைக்கு வாரம் இருமுறை சாணம். மழை முடிந்ததும் பின்கட்டுச் சுவரில் கரைந்த இடங்களுக்குச் செம்மண்ணும் தவிடும் குழைத்துப் பூச்சு. இதற்கு நாங்கள் வைத்த பெயர் வீட்டு வேலை. இதையே ஒரு ஆண் கூலிக்குச் செய்தால் மராமத்து. பாரசீகம் வழியாக வந்த அந்தச் சொல்லுக்குச் செப்பனிடுதல் என்பதற்கு மேல் பொருளில்லை. ஏரிக்குக் குடிமராமத்து உண்டு, அரசாங்கத்துக்கு மராமத்து இலாகா இருந்தது. மெழுகுவதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. 2007இல் அப்பா செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கிறது. ஆயா ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த சுண்ணாம்புக்கு ஒன்றும் இல்லை. பாகத் தகராறு நீதிமன்றம் போனால் வீட்டுக்குச் செய்த செலவு என்று யார் எதைக் காட்ட முடியும்?

பெரிய வீடுகளிலும் இதே கதைதான். மெட்ராஸ் டெரஸ் என்று இன்று பாரம்பரியச் சொகுசு விடுதிகள் பெருமையடிக்கும் மெத்தை, மர உத்திரங்களுக்கு மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கியது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே, வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடித் தட்டியவர்கள் பெண்கள். மழை ஒழுகாமல் இருந்ததற்கு அந்தத் தட்டுதான் காரணம். பெயர் நின்றது மேஸ்திரிக்கு.

எங்கள் வீட்டு வேலைக்கும் மேஸ்திரி, இரண்டு கொத்தனார், இரண்டு சித்தாள். சித்தாள்கள் இருவரும் மலையடிவாரத்துப் பெண்கள். மேஸ்திரி நல்ல மனிதர், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். ஆனாலும் அடுப்பங்கரை மேடை எவ்வளவு உயரம் என்று கேட்க வேண்டியபோது, "சார் வந்ததும் கேட்டுக்கறேன் மேடம்" என்றார். சார் அந்த மேடையில் ஒருநாளும் நின்று சமைத்ததில்லை. பட்டா என் பெயரில் இருப்பதும் மேஸ்திரிக்குத் தெரியும். என் அம்மா நாலே முக்கால் அடி. வழக்கமான இரண்டே முக்கால் அடி மேடையில் தோளைத் தூக்கிக்கொண்டே முப்பது வருஷம் நகரத்து வாடகை வீட்டில் சமைத்தவள். இரண்டே கால் அடி என்று நான் சொன்னதும், பார்க்க நன்றாயிருக்காது, பின்னால் விற்க முடியாது என்றார். கடப்பா கல்லை அந்த உயரத்தில்தான் வைத்தோம்.

அடுப்பங்கரையை யார் வடிவமைப்பது என்பதற்கு ஒரு உலக வரலாறு இருக்கிறது. 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் ஒரு சிறு சமையலறையை வடிவமைத்தார். எட்டி எடுக்கும் தூரத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அடியையும் அளந்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் மூதாதை. ஆனால் அது ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அறை. பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்தி, அவளைத் தனியாகவும் ஆக்கிவிட்டது என்று பிற்காலப் பெண்ணியர்கள் விமர்சித்தார்கள். எங்கள் பழைய அடுப்பங்கரை புகை மண்டிய இருட்டறை, அதற்காக நான் ஏங்கவில்லை. ஆனால் அங்கே தரையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே காய் நறுக்க முடிந்தது. சுவரை வெளியே தள்ளி, இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டைத் திண்ணையை உள்ளேயே கட்டச் சொன்னேன். வேலையில் செலவு கூடியது அங்கேதான்.

சித்தாள் கூலியைப் பற்றிச் சொல்லாமல் தாண்டக் கூடாது. கொத்தனாருக்குக் கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேல். சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது அது. ஆனால் கலவை கலப்பதும் கல் சுமப்பதும் ஓடு இறக்குவதும் வேறு வேலை என்று பெயர் வைத்துவிட்டால் சட்டம் தொடாது. இருபது வருஷம் கலவை கலந்த பெண்ணுக்குப் பதம் கொத்தனாரைவிட நன்றாகத் தெரியும். கரண்டி மட்டும் கைக்கு வராது. இந்த வட்டாரத்தில் நாகநதியில் நீர் ஊறுவதற்காக, நூறு நாள் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உறை கிணறுகளும் கல் தடுப்புகளும் கட்டியிருக்கிறார்கள். ஆற்றில் கட்டத் தெரிந்தவர்கள் வீட்டில் சித்தாளாகத்தான் ஏறுகிறார்கள். நான் ஊர் ரேட்டுக்கு மேல் கொஞ்சம் கொடுத்தேன். சமமாகக் கொடுக்கவில்லை. கொத்தனார்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்று மேஸ்திரி சொன்னார், நான் அதற்குமேல் வாதாடவில்லை.

அரசு இப்போது பெண் பெயரை விரும்புகிறது. இந்திரா குடியிருப்புத் திட்ட வீடுகளைப் பெண் பெயரிலோ கூட்டாகவோ ஒதுக்கும் விதி வந்து நாளாயிற்று. 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. நல்லதுதான். புதிதாக வாங்குகிறவளுக்கு அது உதவும். பழைய வீடுகளில் விட்டுக்கொடுக்கப்பட்ட பங்குகளுக்கு அதனால் எதுவும் இல்லை.

வேலை பாதியில் இருந்தபோது ஆரணியிலிருந்து சின்ன அத்தை வந்தாள். எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது, கேட்டேன். உன் மூணில் ஒரு பங்கைத் திருப்பி எழுதிவைக்கட்டுமா? அவள் சிரித்தாள். "எழுதி வாங்கிக்கினு அப்புறம் இந்த வூட்டுக்கு நான் எந்த மூஞ்சியோட வர்றது?" என்றாள். பீனா அகர்வால் 1994இல் வந்த தன் பெரிய நூலில் இதைத்தான் எழுதியிருக்கிறார். தெற்காசியச் சகோதரிகள் பங்கைக் கோராமல் இருப்பது பெரும்பாலும் அறியாமையால் இல்லை, ஆபத்துக் காலத்தில் போய் நிற்கப் பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக. அக்கா ஒரு பெட்டியோடு வந்து நின்றதைப் பார்த்தவள் சின்ன அத்தை. பட்டுப்புடவைக்காக அவள் கையெழுத்துப் போடவில்லை. கதவுக்காகப் போட்டாள். விலை மூன்றில் ஒரு பங்கு வீடு.

பிறகு சட்டம் விசாரித்தேன். அண்ணனுக்குத் தங்கை விட்டுக்கொடுத்தால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. அண்ணன் மகள் அத்தைக்குத் திருப்பிக் கொடுத்தால் கிடையாது. அந்தச் சலுகைக்கான 'குடும்ப'ப் பட்டியலில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் குடும்பம் இல்லை. அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது. உயிலாக எழுதலாம் என்கிறார் தோழி ஒருத்தி. எழுபது தாண்டியவளுக்கு நாற்பதுகளில் இருப்பவள் உயில் எழுதுவது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

பின்கட்டு அறையை இடித்துவிட்டுக் குளியலறை கட்டுவதாகத் திட்டம். இடிப்பதற்கு முன், பெயர்ந்து நின்ற சுண்ணாம்பை ஒரு சித்தாள் சுரண்டினாள். வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம் என்று அடுக்கடுக்காக உதிர்ந்து, அடியில் மண்பூச்சு தெரிந்தது. ஈர மண்ணை வழித்த விரல் தடங்கள், நான்கு நான்காக, பிறை பிறையாக, சுவர் முழுக்க. சித்தாள் என்னைக் கூப்பிட்டாள். சின்ன அத்தை எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள். கையைச் சுவரில் வைக்காமல் காற்றில் ஒருமுறை வலப்பக்கமாக வளைத்தாள், பிறகு இடப்பக்கமாக.

"எங்கம்மா பூசினது இப்பிடிப் போவும். இது எங்கக்கா. அது பீச்சாங்கை, பாரு, எல்லாம் மாறிப் போவுது."

குளியலறையைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிப் போட்டோம். அந்த ஒரு சுவருக்குப் பூச்சு இல்லை. வீடு பார்க்க வந்தவர்கள் காசு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேஸ்திரியும் அப்படித்தான் நினைத்தார், மீதி வேலையைப் பொங்கலுக்குப் பிறகு முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.